காலேஜில் கோல் மழை... இந்தியா டீமுக்கு போதுமா? ஹாக்கி பசங்களை எடை போடுவது எப்படி

ஆவடி: காலேஜ் டீமில் பையன் 3 கோல் போட்டுவிட்டான். கோப்பையோடு தெருவுக்குள் வந்தால், ‘‘அடுத்தது இந்தியா டீம்தானே தம்பி?’’ என்று கேட்காத ஆள் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து வரும் அப்பாவுக்கு வேற கவலை. இன்னும் ரெண்டு வருஷம் விளையாட விடலாமா, இல்ல வேலைக்கு அனுப்பிடலாமா?

கோல் கணக்கை மட்டும் வைத்து இதற்கு பதில் சொல்ல முடியாது.

முதலில் தரையைப் பாருங்க. காலேஜ் மேட்ச் பல இடங்களில் மண் கிரவுண்டில்தான் நடக்கிறது. மண்ணில் பந்து குதிக்கும், மெதுவாக வரும். ஸ்டிக்கோடு பந்தை ஒட்டிக்கொண்டு நாலு பேரை ஏமாற்றி ஓடுபவன் அங்கே ஹீரோ. தண்ணீர் தெளித்த செயற்கை புல்தரையில் பந்து சர்ரென்று வரும். அதை ஒரே தொடலில் நிறுத்தி, தலையைத் தூக்கிப் பார்த்து, சரியான ஆளுக்குத் தள்ளணும். ஓடிக் காட்ட நேரம் கிடையாது.

இதில் இந்தியாவே அடி வாங்கியிருக்கிறது. 1928 முதல் 1972 வரை ஒலிம்பிக் ஹாக்கியில் பதக்கம் இல்லாமல் நம்ம டீம் ஊர் திரும்பியதே இல்லை. 1976ல் மான்ட்ரியலில் முதல் முறையாக செயற்கை தரையில் ஒலிம்பிக் ஹாக்கி நடந்தது. இந்தியாவுக்கு 7வது இடம்!

நம்ம ஏரியா பையன் அந்த தரையில் பழக எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம் மாதிரி இடத்துக்குப் போகணும். ஆவடி, அம்பத்தூர் பையன் விடியற்காலை மின்சார ரயில் ஏறணும். பூந்தமல்லி பையன் நெடுஞ்சாலையில் பஸ் பிடிக்கணும். அதனால், ‘எத்தனை கோல்’ என்பதற்கு முன்னால் ‘டர்ஃபில் எத்தனை மேட்ச்’ என்று கேட்பதுதான் முறை.

அடுத்தது வயசு. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் 25 வயசு வரை ஆடலாம். ஜூனியர் உலகக் கோப்பையோ 21 வயசுக்கு உட்பட்டவர்களுக்கு. 2025 நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் நடந்ததே, அதுதான். ஜெர்மனி கோப்பையைத் தூக்கியது, இந்தியாவுக்கு வெண்கலம். அதில் ஆடிய பசங்களுக்கெல்லாம் காலேஜ் படிக்கிற வயசுதான். ஆக, 24 வயசில் காலேஜ் டீமில் கோல் மழை பொழிபவனை விட, 18 வயசில் அவனை மடக்கி நிறுத்தும் டிபென்ஸ் பையன் மேல்தான் தேர்வாளர் கண் விழணும். பேப்பரில் பெயர் வருவது என்னவோ கோல் போட்டவனுக்குத்தான்!

அந்த கோலிலும் எத்தனை பெனால்டி கார்னரில் வந்தது, எத்தனை ஓடி ஆடிப் போட்டது என்று பிரித்துப் பார்க்கணும். பந்தைப் பறிகொடுத்ததும் இடுப்பில் கை வைத்து நிற்கிறானா, துரத்திக்கொண்டு திரும்பி ஓடுகிறானா? கடைசி 15 நிமிஷத்தில் கால் ஓடுகிறதா? ஸ்கோர் ஷீட்டில் இது எதுவும் இருக்காது. கேலரியில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

காலேஜில் இருந்து யாரும் வரலையா என்றால், வந்திருக்கிறார்கள். 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற டீமின் கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன் நம்ம லயோலா காலேஜ் மாணவர். ஆனால் புனே பக்கம் கட்கியில் பிறந்த தமிழர் தன்ராஜ் பிள்ளை பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அவர் ஆடியது 4 ஒலிம்பிக், 4 உலகக் கோப்பை. சமீபத்தில் பார்த்தால் அரியலூர் கார்த்தி செல்வம். கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயிற்சி எடுத்தவர். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசிய கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவுக்காக களம் இறங்கினார், முதல் மேட்ச்சிலேயே கோல். இப்போதெல்லாம் தேர்வாளர்கள் ஸ்கூல் வயசிலேயே, விடுதியிலும் அகாடமியிலும் வலை வீசிவிடுகிறார்கள். காலேஜ் வரை யாரும் கவனிக்காத பையனுக்கு இந்தியா ஜெர்சி கஷ்டம்தான். அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை.

ஆனால் வேலை விஷயம் வேற. பலர் கோட்டை விடுவது இங்கேதான். மத்திய அரசின் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் தனித்தனி படிவங்கள் உண்டு. நாட்டுக்கு ஆடினால் படிவம் 1. தேசிய போட்டியில் மாநிலத்துக்கு ஆடினால் 2. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் பல்கலைக்கழக டீமில் ஆடினால் 3. தேசிய பள்ளி விளையாட்டில் மாநில டீமில் ஆடினால் 4. அதில் முதல் 3 இடத்துக்குள் வந்த டீம் என்றால் முன்னுரிமை.

காலேஜுக்கும் காலேஜுக்கும் நடக்கும் மேட்ச் இந்த கணக்கிலேயே வராது! வீட்டில் 10 கோப்பை இருந்தும் படிவம் 3 இல்லை என்றால் அந்த வரிசையில் நிற்க முடியாது. எனவே காலேஜ் கோப்பையை விட, பல்கலைக்கழக டீம் தேர்வுக்கு பையன் போனானா என்பதை பி.டி. சாரிடம் கேளுங்க. டீமில் ஆடிவிட்டால், படிவத்தில் பல்கலைக்கழக விளையாட்டுத் துறை பொறுப்பு அதிகாரியின் கையெழுத்தை டி.சி. வாங்குவதற்கு முன்பே வாங்கி வைப்பது நல்லது.