பையன்தானே, வந்துடுவான் என்று காத்திருக்க வேண்டாம்

தேர்வு முடிவு வெளியாகும் மே மாதத்தில் காவல் நிலைய வாசல்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: “பையன்தானே, கையில இருக்கிற காசு தீர்ந்தா வந்துடுவான். நாளைக்கு வாங்க.” பெண் பிள்ளையைக் காணோம் என்றால் தெருவே பதறும். பதினாறு வயதுப் பையனுக்கு யாரும் அப்படிப் பதறுவதில்லை. அவனை வேலைக்கென்று வெளியூர் கூட்டிப்போகும் தரகனுக்கு அந்த ஒரு நாள் போதும்.

24 மணி நேரம் கழித்துத்தான் புகார் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. 18 வயதுக்கு உட்பட்டவரைக் காணவில்லை என்று புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும், கடத்தல் என்று கருதியே விசாரணையைத் தொடங்க வேண்டும் என்று 2013 மே மாதம் ‘பச்பன் பச்சாவ் ஆந்தோலன்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நான்கு மாதத்தில் கண்டுபிடிக்க முடியாவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். இந்தக் கண்டிப்பு எவ்வளவு அவசியம் என்பதற்கு நொய்டாவின் நிதாரி சாட்சி. அங்கே பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போனபோது ஏழைப் பெற்றோரின் புகாரை யாரும் காதில் வாங்கவில்லை. 2006 டிசம்பரில் எலும்புகள் கிடைத்த பிறகுதான் நாடே அதிர்ந்தது.

சட்டமே ஒரு காலத்தில் பையன்களிடம் பாரபட்சம் காட்டியது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில், பாதுகாவலரிடமிருந்து கடத்துவது என்ற குற்றத்துக்கு வயது வரம்பு பெண்ணுக்கு 18, ஆணுக்கு 16. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா இருவருக்கும் 18 என்று ஆக்கிவிட்டது. “பதினேழு வயசு, பெரிய பையன்” என்று தட்டிக்கழிக்க இனி இடமில்லை.

நம் ஊர் நிலையங்களில் பல நேரம் கையில் தருவது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது. புகார் வந்தது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. எஃப்.ஐ.ஆர். நகலைக் கேளுங்கள், அதை இலவசமாகத் தர வேண்டும். எங்கள் எல்லை இல்லை என்றும் திருப்பி அனுப்ப முடியாது. மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம், அடுத்து மாஜிஸ்திரேட்டை அணுகலாம். யாரோ பிடித்து வைத்திருப்பதாகத் தெரிந்தால் சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ ஆட்கொணர்வு மனு போட வழி உண்டு.

துப்பறிகிற அதிகாரி வீட்டுக்கு வந்தால் சின்னச் சின்ன விஷயங்களைத்தான் கேட்பார். என்ன சட்டை, செருப்பா ஷூவா, சார்ஜரை எடுத்துக்கொண்டானா, மார்க் ஷீட் பீரோவில் இருக்கிறதா? சார்ஜரும் சான்றிதழும் சேர்ந்து காணோம் என்றால் திட்டமிட்டுப் போயிருக்கலாம். இரண்டும் வீட்டில் கிடந்தால் விசாரணை வேறு பக்கம் திரும்பும். அதனால் அறையைச் சுத்தம் செய்துவிடாதீர்கள். போன் டப்பாவில் ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கும், எடுத்து வையுங்கள். வீட்டுக் கணினியில் அவன் கணக்கு திறந்திருந்தால் லாக் அவுட் செய்ய வேண்டாம். டீக்கடைக்கு ஜிபேயில் அனுப்பிய பதினைந்து ரூபாய்கூட அவன் நின்ற ஊரைச் சொல்லிவிடும். கடைகளின் சி.சி.டி.வி. பதிவு சில நாட்களில் தானே அழிந்துவிடும். அன்றைக்கே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கூட்டாளிகளில் ஒருவனுக்காவது ஏதாவது தெரிந்திருக்கும். மிரட்டினால் வாய் திறக்க மாட்டான்; அவன் மதிக்கிற ஆசிரியர் பேசட்டும்.

தனியார் துப்பறிவாளரை அமர்த்துவது தவறில்லை. லாட்ஜ், பஸ் ஸ்டாண்ட், ஹோட்டல் என்று அலைந்து விசாரிக்க ஆள் வேண்டியிருக்கும். ஆனால் இந்தத் தொழிலுக்கென்று நம் நாட்டில் தனி உரிமச் சட்டம் கிடையாது. 2007இல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதா சட்டமாகவே இல்லை. பேசிய கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போன் அழைப்பு விவரத்தையோ டவர் லொக்கேஷனையோ பணத்துக்கு வாங்கித் தருகிறேன் என்பவரிடம் விலகி நில்லுங்கள். முறைப்படி அதைப் பெறுவது காவல்துறையின் வேலை. தனி ஆள் விலைக்கு வாங்கித் தருவது குற்றம். துப்பறிவாளரை நம்பிப் போலீஸ் புகாரைத் தள்ளிப் போடவே கூடாது.

வாட்ஸ்அப்பில் படத்தோடு அப்பாவின் செல் நம்பரைப் போடுவது வேறு ஆபத்து. “உங்க பையன் எங்ககிட்டதான் இருக்கான், பத்தாயிரம் அனுப்புங்க” என்று, அவனைப் பார்த்தே இராதவன் அழைப்பான். காவல் நிலைய எண்ணைப் போடுங்கள். வந்த மிரட்டல் எண்ணை விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். அவசரத்துக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098, ரயிலில் பார்த்ததாகத் தகவல் வந்தால் 139.

வெளியூரில் கிடைத்த பையனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். ஏன் போனான் என்பதை அவன் வாயால் சொல்லும் இடம் அது. அடிக்குப் பயந்தா, கேலிக்குப் பயந்தா, ஆன்லைன் கடனா என்று அங்கேதான் தெரியவரும். வீட்டுக்கு அனுப்புவது பாதுகாப்பில்லை என்று தோன்றினால் அந்தக் குழு வேறு ஏற்பாடு செய்யலாம். பெற்றோர் அவனைப் பேச விட வேண்டும், குறுக்கே பதில் சொல்லக் கூடாது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், பள்ளி, படம் ஆகியவற்றை ஊடகத்தில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. அதனால் அவன் கிடைத்த அன்றே, பகிர்ந்த ஒவ்வொரு குழுவிலும் அந்தப் படத்தை நீக்கச் சொல்லுங்கள்.