அரை வரிக்கு வந்த சண்டை

2012இல் லினக்ஸ் கெர்னல்காரர்கள் அரை வரிக்காக மல்லுக்கு நின்ற கதை இது.

கெர்னல் தன் செய்திகளை ‘பிரிண்ட்கே’ என்ற ஃபங்ஷன் வழியாக எழுதும். முன்பெல்லாம் அவை நினைவகத்தில் ஒரே எழுத்துச் சரமாக, வந்த வரிசையில் ஒட்டிக்கொண்டே போகும். அதனால் “சோதிக்கிறேன்...” என்று பாதி வரி எழுதி, வேலை முடிந்ததும் “சரி” என்று அதே வரியை முடிப்பது புரோகிராமர்களின் வழக்கம். இடையில் இன்னொரு சிபியூ எதையாவது எழுதிவிட்டால் இரண்டும் கலந்து குழம்பும்.

அந்த மே மாதம் கே சீவர்ஸ் என்ற புரோகிராமரின் மாற்றம் கெர்னலுக்குள் வந்தது. இனி ஒவ்வொரு செய்தியும் உறையில் போட்ட கடிதம் மாதிரி. நேரம், முக்கியத்துவம், நீளம் எல்லாம் மேலேயே இருக்கும். லாக் படிக்கும் மென்பொருள்களுக்குப் பெரிய வசதிதான். ஆனால் பாதிக் கடிதத்தை என்ன செய்வது? மீதி வரட்டும் என்று நிறுத்திவைத்தார்கள்.

வினை அங்கேதான் வந்தது. டிரேசிங் பகுதியைப் பராமரிக்கும் ஸ்டீவன் ராஸ்டெட்டின் சோதனைகள் கெர்னல் எழும்போதே வரிசையாக ஓடும். முதலில் சோதனையின் பெயர், பிறகு முடிவு. ஏதாவது ஒன்று இயந்திரத்தையே முடக்கிவிட்டால், திரையில் கடைசியாக நிற்கும் பெயர்தான் ஒரே துப்பு. புது முறையில் அந்தப் பெயர் திரைக்கே வரவில்லை. அவர் கொதித்ததில் என்ன தப்பு? 

அரை வரியை நம்பி எழுதுவதே கெட்ட பழக்கம் என்பதும் நியாயமான வாதம்தான். ஆனாலும் என் ஓட்டு ராஸ்டெட்டுக்கே. இயந்திரம் சாகும் நேரத்தில் வாயைப் பொத்திக்கொள்ளும் லாக் யாருக்கு வேண்டும்? ஜூலையில் கெர்னலின் 3.5 பதிப்பு வெளியாவதற்குள், அரை வரியை உடனே கன்சோலுக்கு அனுப்பும் திருத்தம் சேர்ந்துவிட்டது.

தகராறு அத்தோடு ஓயவில்லை. 2016 டிசம்பரில் வந்த 4.9இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே கறாராகிவிட்டார்: தொடர்ச்சி என்றால் அதற்கான குறியைப் போடு, இல்லையேல் அது புது வரி. குறி போடாத பழைய கோடெல்லாம் லாக்கில் துண்டு துண்டாகச் சிதறியது. அதைச் சரிசெய்யப் பல பகுதிகளிலிருந்தும் பேட்ச்கள் வந்தன.

நீங்கள் டிரைவர் எழுதுபவரென்றால் முழு வரியாகவே எழுதுங்கள். முடியாத இடத்தில் தொடர்ச்சிக்கு ‘பிஆர்_கான்ட்’ போட மறக்காதீர்கள்.