பழைய ஃபைல் திறக்குமா, தம்பி?

கும்பகோணம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு டிடிபி கடை இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், மேசைக்கடியில் கட்டுக் கட்டாகப் பேப்பர். கடையை நடத்தும் அக்கா இருபது வருடங்களுக்கு மேலாக அங்கே உட்கார்ந்து அடிக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, கும்பாபிஷேக அழைப்பிதழ், வாடகை ஒப்பந்தம் எல்லாம் அந்தச் சின்ன இடத்திலிருந்துதான் போகின்றன.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. வீட்டில் பயன்படுத்துபவர்கள் வேண்டுமானால் பதிவு செய்து, அதற்குப் பின் ஓராண்டுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெறலாம் என்று அறிவித்தது. அக்காவின் இரண்டு மெஷினும் பத்து வயதைத் தாண்டியவை. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி அவற்றில் இல்லை. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் பிராசசர் பட்டியலிலும் அவை வரவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைத் தூக்கிப் போடவேண்டிய நிலை. பதினெட்டு வருடமாக, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸிலேயே எழுதிப் படித்து வருகிறவன் நான். அந்த வாரமே ஒரு பென்டிரைவில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

மெஷினில் எதையும் அழிக்காமல் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிக் காட்டலாம். ஓட்டிக் காட்டினேன். அக்கா பழைய தட்டச்சு முறையில் அடிப்பவர்; லினக்ஸில் அந்த விசைப்பலகையும் உண்டு. அதையும் போட்டுக் கொடுத்தேன். விசைகளைப் பார்க்காமல் ஒரு பக்கம் அடித்து முடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. வேகமாவும் இருக்கு. பழைய ஃபைல் திறக்குமா?"

2009ஆம் வருடத்துக் கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் காட்டினார். "இந்த வீட்டு மூத்த பொண்ணுக்கு நான்தான் பத்திரிகை அடிச்சேன். இப்ப அவ தம்பிக்குக் கல்யாணம். அதே மாதிரியே வேணும்னு அவங்கம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க."

பேஜ்மேக்கரில் செய்த ஃபைல். அதைத் திறக்கக்கூடிய செயலி ஒன்று லினக்ஸிலும் இருக்கிறது என்பதால் தைரியமாகத் திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வந்து நின்றன.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான். யூனிக்கோடு பரவுவதற்கு முன்பு தமிழில் அச்சு வேலை நடந்ததெல்லாம் பாமினி, வானவில், செந்தமிழ், ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்களில். அவற்றில் பலவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கம்ப்யூட்டருக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இருக்கும் வரை அது தமிழ். இல்லாத இடத்தில் அது வெறும் ஜே, கே, பி, ஓ.

எழுத்துருவை நகலெடுத்துப் போட்டேன். தமிழ் வந்தது. ஆனால் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. பிள்ளையார் படம் கட்டத்துக்கு வெளியே போயிருந்தது. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே இருந்த உறவினர் பட்டியலில் கடைசி இரண்டு பெயரைக் காணோம். கல்யாண வீட்டில் ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனால் என்ன நடக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. அரை மணி நேரம் இழுத்து இழுத்துச் சரி செய்து பார்த்தேன். வாசலில் ஜெராக்ஸுக்கு இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. பென்டிரைவைக் கழற்றிக்கொண்டு, விண்டோஸைத் திரும்ப ஓட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

லினக்ஸுக்கு மாறாதவர்களைப் பற்றி லினக்ஸ் ஆர்வலர்களான நாங்கள் பேசும்போது 'பழக்கத்தை விட மாட்டேங்கிறாங்க', 'கத்துக்கச் சோம்பல்' என்று சொல்வோம். நானும் பல வருடம் சொல்லியிருக்கிறேன். அது தவறு. தெரிந்தே சொல்கிறேன், அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அக்காவின் பேஜ்மேக்கரையே பாருங்கள். அதை 1985இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்டது. 1994இல் அது அடோபியின் கைக்குப் போனது. ஏழாம் பதிப்பு 2001இல் வந்தது; அதுவே கடைசி. அதைச் செய்த நிறுவனமே இன்டிசைன் என்ற வேறு மென்பொருளுக்குப் போய்விட்டது. ஆனால் நம் ஊர்களில் 'டிடிபி கோர்ஸ்' என்றால் பேஜ்மேக்கர், கோரல் ட்ரா, போட்டோஷாப் மூன்றும்தான். 2019இல் தமிழ்நாட்டில் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில்கூட பேஜ்மேக்கருக்குத் தனிப்பாடம் உண்டு. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிக்கோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியீட்டையும் தரமாக அறிவித்தது உண்மை. அந்த ஆணை, அக்காவின் ஹார்டுடிஸ்கில் ஏற்கெனவே கிடக்கும் ஆயிரக்கணக்கான பத்திரிகைகளைத் திருத்தி எழுதிவிடாது. எழுத்தை மட்டும் யூனிக்கோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன; பக்க அமைப்பை அப்படியே கொண்டுவந்து தரும் கருவியை நான் பார்த்ததில்லை.

கோரல் ட்ராவின் கதை எனக்கு இன்னும் வருத்தம் தருவது. கனடாவின் கோரல் நிறுவனம் 1999இல் சொந்தமாக ஒரு லினக்ஸே வெளியிட்டது. 2000இல் கோரல் ட்ரா 9 லினக்ஸுக்கும் வந்தது. அது தொடர்ந்திருந்தால் இன்று நம் ஊர் ஃபிளெக்ஸ் கடைகளின் நிலைமை வேறாக இருந்திருக்கலாம். தொடரவில்லை. ஒரு மென்பொருள் லினக்ஸில் இல்லை என்பது கடைக்காரர் எடுத்த முடிவு கிடையாது. எங்கோ ஒரு நிறுவனம் எடுத்த முடிவு. கோரல் ட்ராவுக்குப் பதில் இங்க்ஸ்கேப் இருக்கிறதே, போட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப் இருக்கிறதே என்கிறோம். இரண்டும் அருமையான மென்பொருள்கள், நானே பயன்படுத்துகிறேன். ஆனால் அச்சகம் கோரல் ஃபைலாகக் கேட்கிறது. ஆல்பம் டிசைன் செய்பவர் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான டெம்ப்ளேட்டுகள் போட்டோஷாப் ஃபைல்கள். தொழில் ஒரு ஆளோடு முடிவதில்லை. முன்னாலும் பின்னாலும் இருப்பவர்கள் எதில் நிற்கிறார்களோ அதில்தான் நடுவில் இருப்பவரும் நிற்க முடியும்.

கணக்கு எழுதுபவர்களுக்கும் இதே கதைதான். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்த பிறகு சின்ன ஜவுளிக்கடை, இரும்புக்கடைகளில் பலவும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கிறது. கடைக்காரர் டேலியில் போட்ட கணக்கை அப்படியே ஆடிட்டருக்கு அனுப்புகிறார். விண்டோஸ் செயலிகளை ஓட்டும் வைன் என்ற மென்பொருளைப் போட்டு லினக்ஸில் ஓட்டலாம், கொஞ்சம் முயன்றால் நடக்கும் என்று அவரிடம் சொல்வது எளிது. தாக்கலுக்கான கடைசித் தேதி ராத்திரி அது ஓடாமல் நின்றால் தாமதக் கட்டணம் கட்டப்போவது அவர்.

விலை பற்றிய பேச்சும் எடுபடாது. லினக்ஸ் இலவசம் என்று நாம் சொல்லும்போது கேட்பவருக்கு அது பெரிதாகத் தோன்றுவதில்லை. லேப்டாப் வாங்கும்போது விண்டோஸ் கூடவே வருகிறது. அசெம்பிள் செய்த மெஷினில் உரிமம் இல்லாத விண்டோஸை யாரோ ஏற்றித் தந்துவிடுகிறார்கள். அது சரியென்று நான் சொல்லவில்லை. இலவசம் என்ற சொல்லுக்கு அங்கே எடை இல்லை என்பதுதான் நடப்பு. அவருக்கு விலை என்பது வேறு: ஒரு நாள் கடை நின்றால் எவ்வளவு போகும், கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது.

இந்த 'யாரைக் கூப்பிடுவது' என்ற கேள்வியைத்தான் நாங்கள் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறோம். பக்கத்துத் தெருவில் ஒரு சர்வீஸ் பையன் இருப்பான். முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஃபார்மட் அடித்து, பிரிண்டரை இணைத்து, எழுத்துருக்களையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவான். லினக்ஸ் போட்ட மெஷினைப் பார்த்தால் அவனும் முதலில் அதை அழித்துவிட்டு விண்டோஸ்தான் போடுவான், ஏனென்றால் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். என் பெரியப்பாவின் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டவன் நான். ஆறு வருடமாக நன்றாக ஓடுகிறது. அது ஓடுவதற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் எனக்குப் போன் செய்வதும் நான் எடுப்பதும். போன் செய்ய ஆள் இல்லாதவர் என்ன செய்வார்?

கேரளத்துப் பள்ளிகளில் ஐ.டி. பாடம் கட்டற்ற மென்பொருளிலேயே நடக்கிறது. அது வெறும் மெஷின் கொடுத்ததால் நடந்ததில்லை. ஐடி@ஸ்கூல் என்று தொடங்கி இன்று கைட் என்ற பெயரில் இயங்கும் அமைப்பு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, மாவட்டங்களில் முதன்மைப் பயிற்றுநர்களை வைத்தது, பாடநூலையும் தேர்வையும் லினக்ஸிலேயே அமைத்தது. போன் செய்தால் எடுக்க ஆள் இருந்தது. 2011இல் தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த மெஷின்களிலும் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. என் சித்தப்பா மகன் வாங்கிவந்த மடிக்கணினியில் முதல் மாதமே அதை அழித்து, படம் வைக்க இடம் எடுத்துக்கொண்டான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை வைத்து என்ன செய்வது என்று அவனுக்கு ஒருவரும் காட்டவில்லை.

பணமும் ஆளும் இருந்த இடத்திலும் இது எளிதாக இருக்கவில்லை. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாறுவது என்று தீர்மானித்தது. பத்து வருடம் உழைத்து ஏறத்தாழ 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றினார்கள். 2017இல் நகரமன்றம் விண்டோஸுக்கே திரும்புவது என்று முடிவெடுத்தது. அதில் அரசியலும் உண்டு என்று பலர் எழுதினார்கள். ஆனால் வெளியிலிருந்து வரும் ஆவணங்களோடு ஒத்துப்போவது, சில வேலைகளுக்கான சிறப்பு மென்பொருள்கள் என்று ஊழியர்கள் சொன்ன தொல்லைகளும் மெய்யானவை. ஒரு மாநகராட்சி திணறிய இடத்தில் ஒரு டிடிபி கடையைத் தனியாக நின்று சமாளிக்கச் சொல்வது என்ன நியாயம்?

கம்ப்யூட்டரில் விளையாடும் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி போதும். ஸ்டீம் என்ற தளம் வழியாக ஏராளமான விளையாட்டுகள் இன்று லினக்ஸில் ஓடுகின்றன, வாலோரண்ட் என்ற விளையாட்டு ஓடாது. நண்பர்கள் எல்லாரும் வாலோரண்ட் ஆடுகிறார்கள் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் பார்வையற்ற நண்பர் ஒருவர். அரசுப் பள்ளியில் ஆசிரியர். என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறார். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது. முழுக்கக் கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது, தமிழிலும் வாசிக்கும். ஆனால் அது விண்டோஸில் மட்டுமே ஓடும். நாங்கள் எந்தக் கொள்கைக்காக லினக்ஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறோமோ, அதே கொள்கையில் பிறந்த ஒரு மென்பொருள்தான் அவரை விண்டோஸில் நிறுத்தி வைத்திருக்கிறது.

அவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இன்சர்ட் விசையோடு கீழ் அம்பை அழுத்துகிறார். குரல் ஓடத் தொடங்குகிறது. என் காதுக்கு அது ஒரே இரைச்சல், ஒரு சொல் பிடிபடவில்லை. அவர் அந்த வேகத்திலேயே மாணவர்களின் மதிப்பெண் பட்டியலைக் கேட்டு, தவறான கட்டத்தில் நிறுத்தித் திருத்துகிறார். லினக்ஸில் ஆர்க்கா என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. அதைச் செய்பவர்கள் அக்கறையோடுதான் செய்கிறார்கள். ஆனால் லினக்ஸின் திரை அமைப்பு எக்ஸ்11இலிருந்து வேலேண்டுக்கு மாறிவரும் இந்தக் காலத்தில், ஆர்க்காவை நம்பியிருப்பவர்கள் முன்பு வேலை செய்த சில வசதிகள் இல்லாமல் தவித்தார்கள். "உங்களுக்கு அப்டேட்டுக்கு அப்புறம் சவுண்ட் வரலைன்னா பாட்டு கேக்க முடியாது, அவ்வளவுதான் சார். எனக்கு கம்ப்யூட்டரே இல்லாம போயிடும்" என்றார். பத்து வருடம் விரல்களில் ஏற்றி வைத்த குறுக்குவிசைகளை அவர் ஏன் விடவேண்டும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

லினக்ஸின் மேல் எனக்குள்ள பற்று இதனால் குறையவில்லை. என் மெஷின் என் சொல் கேட்கிறது, யாரும் தேதி குறித்து அதைக் காலாவதியாக்குவதில்லை. இந்தச் சுதந்திரம் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். இப்போது பென்டிரைவை எடுப்பதற்கு முன்பு அரை நாள் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் வேலை செய்வதைப் பார்க்கிறேன்.

ஐப்பசி முகூர்த்தங்கள் முடிந்த பிறகு அக்கா கடைக்குத் திரும்பப் போனேன். இந்த முறை ஒரு ஹார்டுடிஸ்க் மட்டும் கொண்டுபோனேன். பழைய ஃபைல்கள் இருக்கும் மெஷினை அப்படியே விடுவது, இன்டர்நெட் கேபிளை மட்டும் கழற்றிவிடுவது, மெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் தை மாதத்துக்குப் பிறகு ஒரு செகண்ட் ஹேண்ட் மெஷின் பார்ப்பது என்று பேசி முடித்தோம். அந்தப் புது மெஷினில் விண்டோஸா லினக்ஸா என்பது அவர் விருப்பம். பழைய மெஷினின் நெற்றியில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, 'நெட் போடாதே' என்று மார்க்கரில் எழுதினார்.

பிறகு எல்லாவற்றையும் ஹார்டுடிஸ்கில் பேக்கப் எடுக்கத் தொடங்கினேன். திரையில் ஃபைல் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடின. பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், ஊர், வருடம். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது மேலக்காவேரிப் பொண்ணு. ரெண்டு பிள்ளை ஆயிடுச்சு. மொட்டை அடிச்சுக் காது குத்தினப்பவும் பத்திரிகை இங்கதான்" என்றார். அடுத்த பெயர் வந்தது.