இன்ஜினுக்குக் காத்திருக்கும் விமானங்கள்

பெங்களூரு பழைய விமான நிலையத்தின் பக்கம் சுரஞ்சன் தாஸ் சாலை என்று ஒன்று உண்டு. அந்தப் பெயருக்கு உரியவர் விமானப்படையின் தலைசிறந்த சோதனை விமானி. 1970 ஜனவரி 10 அன்று, இன்ஜினின் உந்துவிசையைக் கூட்டி அமைத்த ‘மாருத்’ போர் விமானத்தைச் சோதித்தபோது உயிரிழந்தார்.

மாருத்தைச் செய்தது எச்.ஏ.எல். 1940 டிசம்பரில் மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய ஆலை அது. உலகப் போர் நெருங்கி வந்ததும் 1942இல் அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. போர்க்காலம் முழுக்க அமெரிக்க விமானங்களுக்குப் பழுதுபார்ப்பதே முக்கிய வேலை. 1951இல் வி.எம். காட்கே வடிவமைத்த எச்.டி.-2 பயிற்சி விமானம் பறந்தது.

அடுத்த கனவு பெரியது. 1956இல் ஜெர்மானிய வடிவமைப்பாளர் கர்ட் டாங்க் பெங்களூரு வந்தார். முதலில் அசல் அளவிலேயே மரத்தில் ஒரு கிளைடர் செய்தார்கள். டகோட்டா விமானம் அதைக் கயிறு கட்டி மேலே இழுத்துச் சென்று விட, தாஸ் பத்திரமாகத் தரையிறக்கினார். 1961 ஜூன் 17 அன்று மாருத் பறந்தது. ஒலியைப் போல் இருமடங்கு வேகம் என்பது இலக்கு. அதற்கேற்ற ஆர்ஃபியஸ் 12 இன்ஜினை உருவாக்கி முடிக்க பிரிட்டன் பணம் கேட்டது, டெல்லி மறுத்தது. வலுக்குறைந்த ஆர்ஃபியஸ் 703-ஐ வைத்தே 147 விமானங்கள் உருவாயின. 1971 போரில் அவை நன்றாகவே போரிட்டன. ஆனாலும் அன்று மிச்சம் பிடித்த பணம்தான் இந்திய விமானத் துறைக்கு மிகப் பெரிய நஷ்டம்.

பின்னர் வந்த தேஜஸ் போர் விமானத்திலும் அதே கதை. 2001இல் முதலில் பறந்து, இன்று கோவை சூலூரில் நிற்கும் அந்த விமானத்துக்கு நம் காவேரி இன்ஜின் பொருந்தவில்லை. அமெரிக்காவின் எஃப்-404தான் பொருத்தப்பட்டது. 2021இல் 83 தேஜஸ் மார்க் 1ஏ விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டும், அவற்றுக்கான முதல் இன்ஜின் வந்து சேர 2025 ஆகிவிட்டது.

இதற்கு நேர்மாறான கதை, திருவனந்தபுரத்தை அடுத்த நெடுமங்காடு பக்கத்து வலியமலையினுடையது. ராக்கெட்டுகளுக்கான கிரையோஜெனிக் (கடுங்குளிர் எரிபொருள்) இன்ஜின் தொழில்நுட்பத்தை ரஷ்யா 1993இல் தர மறுத்தபோது, இஸ்ரோ விடவில்லை. பல ஆண்டுகள், தோல்விகள், செலவு எல்லாவற்றையும் தாங்கி 2014 ஜனவரியில் சொந்த இன்ஜினோடு ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டை வெற்றிகரமாக ஏவியது. அந்த இன்ஜினை உருவாக்கியது வலியமலை திரவ உந்து அமைப்புகள் மையம். இஸ்ரோவுக்காக அவ்வகை இன்ஜின்களைத் தயாரிக்கும் கூடம் 2022 செப்டம்பரில் பெங்களூரில் திறக்கப்பட்டது, எச்.ஏ.எல். வளாகத்திலேயே.