ஹீட்சிங்க் தளர்ந்தால் கணிப்பொறி தவிப்பது ஏன்?

மதர்போர்டிலுள்ள சிப்பின்மேல் அமர்ந்திருக்கும் அலுமினிய ஹீட்சிங்க், அதைப் பிடித்துள்ள பிளாஸ்டிக் ஊசிகள் வருஷக்கணக்கான உஷ்ணத்தில் நொறுங்கியதால் மயிரிழையளவு மேலெழுந்தாலும் போதும், சிப் சூடேறி, கணிப்பொறி வேலையின் நடுவே ஸ்தம்பித்து நின்றுவிடக்கூடும். சிப், ஹீட்சிங்க் இரண்டின் பரப்புகளும் ஒன்றையொன்று தொடுவதாகக் கண்ணுக்குத் தோன்றினாலும், சூக்ஷ்மமாக நோக்கினால் அவை மேடுபள்ளங்களே. அப்பள்ளங்களில் தங்கும் காற்றோ உஷ்ணம் கடந்துசெல்வதற்குப் பரம விரோதி. தூய அலுமினியத்தின் வெப்பங்கடத்து எண் சுமார் 237 என்றால், காற்றினுடையது 0.026தான்! அந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே தெர்மல் பேஸ்ட் உண்டாயிற்று. ஆனால் அதுவும் உலோகத்துக்கு ஈடாகாதாகையால், சுவருக்குச் சாந்து பூசுவதுபோல் அப்பிவிடுவது அனர்த்தமே.

ஆகவே மின்சாரத்தைத் துண்டித்து, காய்ந்த பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்ந்த துணியால் துடைத்து, சிறு பயறளவு புதியதை இட்டு, முறிந்த ஊசிகளுக்குப் பதிலாக ஸ்பிரிங் கோத்த ஸ்க்ரூக்களையும், போர்டின் செப்புத் தடங்களைக் காக்க நைலான் வாஷர்களையும் பொருத்தி, இருபுறமும் மாறிமாறிச் சிறுகச் சிறுக முடுக்குவதே உசிதம். ஸ்பிரிங் எதற்கென்றால், சிப்பின் விளிம்பு உடையாதபடி அழுத்தத்தை மிதமாகவும் நிரந்தரமாகவும் வைத்திருக்கத்தான். சாதாரணப் பசையால் ஒட்டிவிடலாமென்ற யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். அது உஷ்ணத்தைச் சரிவரக் கடத்தாது.