வாயே வாத்தியம்

1994-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒரு நீதிமன்றத்தில் மைக்கேல் ஜாக்சன் சாட்சி சொன்னார். அவருடைய ‘டேஞ்சரஸ்’ பாடல் தன் பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரு பாடகி தொடுத்த வழக்கு அது. மெட்டு தனக்குள் எப்படிப் பிறக்கிறது என்பதை ஜாக்சன் அங்கேயே பாடியும், வாயால் தாளம் போட்டும் விளக்கினார். ஜூரிகள் அவர் பக்கமே தீர்ப்பளித்தார்கள்.

‘நன்றாக ஆடுவார், பாடுவார், அதற்காக இசைக்கலைஞர் என்று சொல்லிவிட முடியுமா?’ பாப் பாடகர்கள் எல்லோரையும் துரத்தும் கேள்வி இது. ஜாக்சன் ஸ்வரக் குறிப்பு எழுதிப் பாட்டமைத்தவர் அல்லர். வாத்தியத்தின் முன் அமர்ந்து பெயர் வாங்கியவரும் அல்லர். ஆனால் டிரம்ஸ், பேஸ், தந்திக் கருவிகள் என்று ஒவ்வொன்றும் என்ன வாசிக்க வேண்டும் என்பதை வாயாலேயே பாடி டேப்பில் பதிவு செய்வார். தாளச் சொற்களை வாயாலேயே சொல்லும் கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பில்லை. லயம் விரலில் இறங்குவதற்கு முன்பே மனதில் முழுதாக இருக்க வேண்டும்.

1982-இல் வந்த ‘த்ரில்லர்’ ஆல்பத்தின் 9 பாடல்களில் 4 அவர் எழுதியவை. ‘பில்லி ஜீன்’ அவற்றில் ஒன்று. 1981-இல் வீட்டில் பதிவு செய்த அதன் முன்வடிவம் பின்னாளில் வெளியானது. அதில் வரிகள் பாதிக்கு மேல் இல்லை, வெறும் முணுமுணுப்பு. ஆனால் அந்த டிரம்ஸ் நடை, அதன்மேல் ஊர்ந்து வரும் பேஸ் எல்லாம் அப்போதே தயார். பாட்டின் முன்னிசை நீளம், குறைக்கலாம் என்றார் தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸ். ஜாஸில் பழுத்தவர், வயதிலும் மூத்தவர். ஜாக்சன் அசையவில்லை. தன்னை ஆடத் தூண்டுவதே அந்த இடம்தான் என்றார். முன்னிசை அப்படியே நின்றது. ஒரு ஒலி எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்று அறிந்து, அதற்காக உறுதியாக நிற்பதுதான் இசையறிவு.

‘த்ரில்லர்’ என்ற தலைப்புப் பாடலை எழுதியவர் ராட் டெம்பர்டன். அதே ஆல்பத்தின் ‘பீட் இட்’ பாடலில் வரும் கிடார் தனி வாசிப்பு எட்டி வான் ஹேலனுடையது. இதனால் ஜாக்சனின் மதிப்பு குறையாது. அவர்களுடைய இசையும் அவர் குரலும் ஒரே உடம்பாகச் சேர்ந்திருக்கின்றன.

குரலை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதைப் பிறர் கையில் விட்டுவிடும் பாடகர்களும் உண்டு. அவர்களை நல்ல பாடகர்கள் என்று தாராளமாகப் பாராட்டலாம்; அதற்கு மேல் எனக்குச் சொல்ல மனம் வருவதில்லை. பாட்டு முழுவதையும் தன் காதுக்குள் கட்டி முடித்தவரே இசைக்கலைஞர். ஐயம் இருந்தால், அந்த 1981 பதிவையும் ஆல்பத்தில் வந்த பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.