பன்னிரண்டாவது சுருள்

மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் தமாக்சிஃபென் மாத்திரை, மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் வேலையைத் தடுக்கிறது. கருப்பையின் உட்படலத்திலோ அதுவே ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொண்டு செல்களை வளரத் தூண்டுகிறது. அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பும் சற்றுக் கூடுகிறது. மருந்து ஒன்றுதான், அது ஒட்டும் ஏற்பியும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த இரட்டை வேடம்?

மனிதரிடம் 48 வகை உட்கரு ஏற்பிகள் உண்டு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி அவற்றில் ஒன்று. ஹார்மோனைப் பற்றிக்கொண்ட ஏற்பி டிஎன்ஏவில் தனக்குரிய இடத்தில் போய் அமர்கிறது. அமர்ந்தால் மட்டும் போதாது. ஒரு செல்லிலுள்ள சுமார் 2 மீட்டர் டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் இறுகச் சுற்றியிருக்கிறது. சுற்று தளர்ந்தால்தான் மரபணுவைப் படியெடுக்க முடியும்.

தளர்த்த வருபவை துணை ஊக்கிப் புரதங்கள். அவையும் அவை கூட்டிவரும் பி300 போன்றவையும் ஹிஸ்டோன் வால்களில் அசெட்டைல் தொகுதிகளை ஒட்டுகின்றன. ஹிஸ்டோனின் நேர்மின்னூட்டம் குறைய, எதிர்மின்னூட்டம் கொண்ட டிஎன்ஏ மீதான பிடி நெகிழ்கிறது. துணை ஊக்கிகளுள் எஸ்ஆர்சி-1 என்பதை 1995-ல் ஹூஸ்டனின் பெய்லர் மருத்துவக் கல்லூரியில் பெர்ட் ஓ'மாலியின் குழு கண்டறிந்தது.

ஹார்மோன் வந்துவிட்டதைத் துணை ஊக்கி எப்படி அறிகிறது? ஏற்பியின் பன்னிரண்டாவது சுருள்தான் அடையாளம். ஏற்பியிலுள்ள குழிக்குள் ஈஸ்ட்ரோஜன் அமர்ந்ததும் அச்சுருள் மூடிபோல மடிந்துகொள்ள, பக்கத்தில் ஒரு பள்ளம் உருவாகிறது. துணை ஊக்கியில் ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட சிறு துண்டு ஒன்று உண்டு. அதில் முதலாவதும் நான்காவதும் ஐந்தாவதும் லியூசின். அந்தத் துண்டு பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது.

தமாக்சிஃபெனுக்கோ நீளமான ஒரு கை. அது குழிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் மூடி மூடாது. இடம் இழந்த பன்னிரண்டாவது சுருள், துணை ஊக்கி வந்து அமர வேண்டிய அதே பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது. 1998-ல் வெளியான படிக ஆய்வு இதைப் படம்பிடித்துக் காட்டியது.

ஆனால் ஏற்பியின் மறுமுனையிலும் துணை ஊக்கிகளை ஈர்க்கும் பகுதி ஒன்று இருக்கிறது. எஸ்ஆர்சி-1 தாராளமாக உள்ள செல்லில் அந்த வழியே வேலை நடந்துவிடும். கருப்பை உட்படலப் புற்றுச் செல்களில் எஸ்ஆர்சி-1-ஐக் குறைத்துப் பார்த்தார்கள். தமாக்சிஃபென் அங்கே மரபணுக்களைத் தூண்டுவது நின்றது. ஈஸ்ட்ரோஜன் வழக்கம்போல் தூண்டிக்கொண்டிருந்தது.